சுண்ணாம்புக் கோட்டில் ஒரு ஆஸ்திரேலியா வீடு

“...சொவரு இருந்தா கைய வச்சுப் பாப்பேன். கதவு இருந்தா தட்டிப் பாப்பேன். வெறுங்கோட்டப் போட்டு வச்சுக்கிட்டு, இதுதான் உன் வீடு, வேணுமா வேண்டாமா சொல்லுன்னா, நா என்னத்த அண்ணாச்சி சொல்ல?”

முத்துலட்சுமி இதைச் சொன்னபோது நான் குனிந்து, டேப்பின் நுனியை முளைக்குச்சியில் மாட்டிக்கொண்டிருந்தேன். பேச்சின் முன்பாதி காற்றோடு போய்விட்டது. பின்பாதிதான் காதில் விழுந்தது. விழுந்ததே போதுமாக இருந்தது.

காலை பதினோரு மணி இருக்கும். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு லே-அவுட். தார் ரோடு போட்டாயிற்று, எண் கல் நட்டாயிற்று, விளக்குக் கம்பம்கூட வந்துவிட்டது. வீடுதான் ஒன்றுகூட வரவில்லை. அந்தக் கிராவல் மண்ணில் இரண்டு மனையைச் சேர்த்து, அறுபதுக்கு நாற்பது அடியில், சுண்ணாம்புத் தூளால் ஒரு வீட்டை வரைந்து வைத்திருந்தேன். மூன்று படுக்கையறை, ஹால், சமையலறை, காருக்கு ஒரு அறை. எல்லாம் தரையோடு. மாடி கிடையாது. நிஜமான வீடு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு என்கிற ஊருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

கோட்டுக்கு வெளியே முத்துலட்சுமி. ரப்பர் செருப்பு முழுக்கச் செம்மண். கோட்டுக்கு உள்ளே, ஹால் நடுவில், அவள் வீட்டுக்காரன் சேகர். கம்பெனிச் சட்டை, காலில் இரும்பு மூக்கு வைத்த ஷூ. ஒரு மணிக்கு செகண்ட் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். சாயங்காலத்துக்குள், அந்த வீடு வேணும் அல்லது வேண்டாம் என்று ஆஸ்திரேலியாவுக்குச் சொல்லவேண்டும்.

நான் எத்தனையோ வீட்டுக்குக் கோடு போட்டவன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

இருபத்தெட்டுப் படி

போன வாரம் நான் எழுதிய தண்ணீர்த் தொட்டிக் கதையைப் படித்துவிட்டு ஒருவர், “மேஸ்திரி, நீங்க கட்டினதுல உங்களுக்கே பிடிக்காத வேலை எது?” என்று கேட்டிருந்தார். அந்தப் பதிலும் இந்தக் கதையில்தான் இருக்கிறது.

ஒரகடத்தில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். சொந்த வீடு வைத்திருந்தவர்கள் எல்லாம் மேலே மேலே எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். தெற்கத்திப் பிள்ளைகள் பையும் கையுமாக சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து, “ரூம் இருக்கா?” என்று தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு வருவார்கள். கோழிக்கூண்டுக்கு வெள்ளையடித்தாலும் ஆள் வந்த நேரம் அது.

அப்போது ஒருவர் தன் வீட்டு மொட்டைமாடியில் தகரம் போட்ட ஒரு அறை கேட்டார். அறை சரி, படிக்குத்தான் இடமில்லை. “எப்டினா ஏத்திடு மேஸ்திரி. ஏறப் போறது நானா?” என்றார். முப்பத்தாறு படி வரவேண்டிய உயரத்தை இருபத்தெட்டில் முடித்தேன். ஒவ்வொரு படியும் முட்டி மடக்கி ஏறவேண்டும். அதிலும் பதினேழாவது படி, என் கணக்குப் பிசகி, மற்றதைவிட ஒரு இஞ்ச் உயரம்.

சில வருஷம் கழித்து அதே மாடிக்குத் தொட்டி ஒழுகல் பார்க்கப் போனேன். மேலேயிருந்து ஒரு பெண் காலி கேனோடு இறங்கி வந்தாள். பதினேழாவது படியில் நின்று, என்னைக் குழாய் ரிப்பேர் செய்கிறவன் என்று நினைத்து, “இந்தப் படியக் கட்டுன மனுசன் வீட்டுல பொம்பளைங்களே கெடையாதா அண்ணாச்சி?” என்றாள்.

“இருக்காங்கம்மா. கட்டினது நான்தான்.”

ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சிரித்த சிரிப்பில் கேன் கையிலிருந்து நழுவி, மிச்சமிருந்த படி அத்தனையையும் எண்ணிக்கொண்டு கீழே போய்ச் சேர்ந்தது. எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவள்தான் முத்துலட்சுமி.

சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். போன் கம்பெனியில் லைனில் வேலை. சேகர் இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை, விவசாயக் குடும்பம். கழனி ரோட்டுக்குப் போனது. இருந்த வீடு அண்ணன் தம்பி நாலு பேருக்கு ஆளுக்கொரு சுவர் மாதிரி ஆனது. உள்ளூர்க்காரனாக இருந்தும் வாடகைக்குப் போனவன். மெஷின் பழுது பார்க்கிற மெயின்டனன்ஸ் வேலை. இருவரும் பழகியது கம்பெனி பஸ்ஸில். “அந்த பஸ்ல எல்லாரும் தூங்கினு இருப்பாங்கண்ணா. முழிச்சினு இருந்தது டிரைவரும் நாங்க ரெண்டு பேரும்தான்” என்பான்.

பாப்பா வயிற்றில் இருந்தபோது ஒருநாள், அதே பதினேழாவது படியில் தண்ணீர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “ஒரு வருசமாச்சும் தரையில கெடக்குற வீட்டுல குடியிருக்கணும் அண்ணாச்சி. கதவத் தொறந்தா மண்ணுல கால் படணும்.”

ஜனங்கள் சொல்வதை எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அளவு நோட்டின் பின்பக்கம்தான் புத்தகம். இதையும் எழுதினேன். பின்னால் கேனைத் தூக்க வந்த சேகரும் கேட்டிருக்கிறான். அவன் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் மறக்கவில்லை.

தேடிய ஊஞ்சல்

பல வருஷ முயற்சிக்குப் பிறகு, சேகருக்கு மூன்று பேருக்குமாக ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான பேப்பர் வந்தது. மெஷின் பழுது பார்க்கிற கைக்கு அங்கே மதிப்பாம். அவனோடு ஒரே லைனில் இருந்த சிநேகிதன் ஒருவன் முன்னாலேயே அங்கே போய் வேரூன்றியிருந்தான்.

முத்துலட்சுமி சந்தோஷப்பட்டாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: “அங்க போயும் வாடகை வீடுன்னா நா வரல. இத்தன வருசம் காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்க வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. அதே வேலைக்கு ஏரோப்ளேன்ல போகணுமாக்கும்?”

நியாயம்தானே. சேகர் சிநேகிதனைப் பிடித்தான். சிநேகிதன் வீடு வீடாக ஏறி இறங்கி, கட்டி முடித்த புது வீடு ஒன்றைக் கண்டுபிடித்தான். மாடி இல்லாத வீடு. படங்கள் வந்தன. வெள்ளைச் சுவர், பளபளவென்று சமையல் மேடை, கண்ணாடிக் கதவு.

படத்தைப் பார்த்ததும் முத்துலட்சுமி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

காரணம் சேகருக்குத் தெரியும். எனக்கு அவளே பின்னால் சொன்னாள். அவள் பன்னிரண்டாவது முடித்த கையோடு, கம்பெனிக்கு ஆள் எடுக்க ஊருக்கு வந்த ஒரு ஏஜெண்ட் வழவழப்பான தாள் ஒன்றைக் காட்டினான். அதில் ஹாஸ்டல் படம். வரிசையாகக் கட்டில், கட்டிலுக்கு ஒரு ஃபேன், வெளியே புல்தரை, புல்தரையில் ஊஞ்சல். வந்து இறங்கினால் ஒரு ஹாலில் பதினாறு பெண்கள். ஒரு பாய்க்கு இரண்டு பேர், ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட். “எனக்கு முன்னால படுத்தவ சூடு ஆறுறதுக்குள்ள நா படுக்கணும். அதக்கூட விடுங்க அண்ணாச்சி. அந்த ஊஞ்சலத் தேடுனேன். எட்டு மாசம் தேடுனேன். மொட்டைமாடில இருக்குமோன்னு ஏறிக்கூடப் பாத்தேன்.”

அதனால் படத்தில் உள்ள வீட்டை நம்பி அவள் கிளம்ப மாட்டாள். வாடகை வீட்டுக்கும் வர மாட்டாள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரவோ வழியில்லை. கடைசியில் சொல்லிவிட்டாள்: “நீங்க முன்னால போங்க. நானும் பாப்பாவும் இங்கனயே இருக்கோம். நீங்க அதுல குடியிருந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

அப்படிப் போனவர்கள் குடும்பத்தை இந்த வட்டாரத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் என்று போவார்கள். பிள்ளை போனில் அப்பாவிடம் பேசக் கூச்சப்படும் அளவுக்கு வளர்ந்துவிடும். சேகரும் பார்த்திருக்கிறான்.

கட்டின வீட்டுக்கு மார்க்கிங்

ஒருநாள் காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக என் வேலைத்தலத்துக்கு வந்தான்.

“அண்ணா, ஒரு வூட்டுக்கு மார்க்கிங் போடணும்.”

“போட்டுடலாம். மனை எங்க?”

“மனை இல்லண்ணா.”

“மனை இல்லாம?”

“வூடு ஏற்கெனவே கட்டிட்டாங்கண்ணா.”

“இன்னாடா, தூக்கம் இல்லாம பேசறியா?”

அவன் பையிலிருந்து பெரிய தாளில் அச்சடித்த வரைபடத்தை எடுத்து, ஜல்லி மேட்டில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தான். “அவ நேர்ல போய் நிக்கணும்ன்றா. அங்க கூட்டினு போவ முடியாது. நீ அந்த வூட்ட இங்க போட்டுக் குடுத்துடு.”

வீடு கட்டாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால், முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, நூலோடு சுண்ணாம்புத் தூளைத் தூவி, வரைபடத்தில் உள்ளதை அதே அளவில் மண்ணில் வரைவோம். அதுதான் மார்க்கிங். மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை நேர். இன்ஜினியர் காலேஜில் படித்ததை நாங்கள் கயிற்றில் படித்தோம்.

மார்க்கிங் அன்று வீட்டுக்காரர்கள் தவறாமல் சொல்வது, “இவ்ளோதானா?” மேலே வானம் திறந்து கிடக்கும்போது எந்த வீடும் சின்னதாகத்தான் தெரியும். ரிடையர் ஆன ஒரு வாத்தியார், “மேஸ்திரி, இது வீடா, என் சமாதியா?” என்று கேட்டார். “சுவர் ஏறினா பெருசாயிடும் சார்” என்றேன். நாங்கள் எல்லாருக்கும் சொல்கிற பதில். உண்மையும்கூட.

அந்த வாத்தியார் ஒரு மாதிரியான ஆள். பேஸ்மட்டம் முடிந்த அன்றே செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய், ஆணி குத்தி, ஊசி போட்டுக்கொண்டார். “வேலை நடக்குது சார், செருப்போட வாங்க” என்றால், “என் வீட்டுக்குள்ள செருப்போட வரச் சொல்றியா?” என்று கட்டுப்போட்ட காலை நீட்டினார். செருப்பைக் கழற்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள். சிலர் நிலை வைத்த அன்று கழற்றுவார்கள். சிலர் டைல்ஸ் ஒட்டின பிறகு. கிரகப்பிரவேசத்து அன்றுகூட ஷூவோடு நடந்தவர் ஒருவர் உண்டு. அவர் விற்பதற்காகக் கட்டினவர்.

அடுப்பு ஏறினா?

லே-அவுட்காரரிடம் சொல்லிவிட்டு, சேகரும் நானுமாக முதல் நாள் கோடு போட்டோம். எண் கல் ஒன்று சரியாக ஹால் நடுவில் வந்தது. “அது சோஃபான்னு வெச்சிக்கோ” என்றான்.

அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு வருகிற பச்சையம்மா வந்து நின்றுவிட்டார். கோட்டைப் பார்த்ததும் ஆடுகளை அதட்டி, சுற்றிக்கொண்டு வந்து, ஒரு ஜன்னல் இருக்கவேண்டிய இடத்துக்கு வெளியே நின்று பேசினார். “இன்னா மேஸ்திரி, பூசை கீசை ஒண்ணும் இல்லாம கோடு போட்டுகினு கீற?”

விஷயத்தைச் சொன்னோம்.

“இம்மாம் பெரிய வூட்டுக்கு மாடி இல்லியா? துணிய எங்க காயப் போடுவா அந்தப் பொண்ணு?”

“பின்னாடி எடம் கீதுக்கா” என்றான் சேகர். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அந்த ஊர்ல உச்சிவெயிலு வடக்கால சாயுமாம்” என்றும் சொன்னான்.

“சூரியனே வழி மாறிப் போற ஊருக்கா புள்ளயக் கூட்டினு போற?” என்று கேட்டுவிட்டு அவர் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கும் பகீரென்றது. ஈசானி மூலை, அக்கினி மூலை என்று இத்தனை நாள் நான் அளந்ததெல்லாம் அங்கே என்ன ஆகும்? சரி, அது சூரியனுடைய பாடு என்று நூலைப் பிடித்தேன்.

பத்து மணிவாக்கில் முத்துலட்சுமி வந்தாள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள். வாசலைத் தேடவில்லை. நேராகச் சுவரைத் தாண்டி, ஒரு படுக்கையறைக்குள் புகுந்து, அடுத்த சுவரையும் தாண்டி நடந்தாள்.

“இது?”

“காருக்கு ரூம்.”

“நம்ம ரூம விடக் காரு ரூம் பெருசா இருக்கே! பேசாம காரோட குடியிருக்கலாம் போல.” சேகர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. சமையலறைக்கு வரும்வரைக்கும் இருந்தது.

அங்கே அவள் நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். ஒரு பக்கம் சமையல் மேடை, மறுபக்கம் ஃப்ரிட்ஜ் என்று நான் போட்டிருந்த கோடுகளுக்கு மேல் விரல் நுனிகள் வந்து நின்றன. பாத்திரம் கழுவுகிறவள் போலக் குனிந்து, சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

“இடிக்கும்” என்றாள்.

“சுவர் ஏறினா பெருசாயிடும் தங்கச்சி” என்றேன், பழக்கதோஷத்தில்.

“சொவரு ஏறினா பெருசாகும், சரி. அடுப்பு ஏறினா? ஃப்ரிட்ஜ் ஏறினா? அப்பவும் பெருசாகுமா அண்ணாச்சி?”

அவள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “படத்துல எம்புட்டு அகலமா இருந்துச்சு இந்த அடுப்படி. பாத்தீங்களா? நா சொன்னேன்ல?” என்று சேகரிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே, சுவர்களைத் தாண்டிக்கொண்டு போய்விட்டாள்.

“உட்ருண்ணா. அவ சொல்றதும் கரெக்ட்தான்” என்றான் சேகர். நூலைச் சுற்றாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

நாலு விரல் சுவர்

மறுநாள் காலை டீக்கடையில் உட்கார்ந்து, சிநேகிதன் அனுப்பி, சேகர் எனக்குத் தள்ளிவிட்டிருந்த வீடியோவை என் போனில் ஓடவிட்டேன். அவன் அறை அறையாகப் போகிறான். ஒரு இடத்தில் சுவரைத் தட்டினான். டொக் டொக் என்று பெட்டி மாதிரி சத்தம். கதவு நிலை அருகே சுவரின் கனம் தெரிந்தது. நிறுத்திப் பார்த்தேன். நாலு விரல்கூட முழுசாக இல்லை.

டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அது மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவர். நானோ மேலே கான்கிரீட் தளம் வரும், தாங்கவேண்டும் என்று, கைப்பழக்கத்தில் உள்சுவர் அத்தனைக்கும் ஒன்பது இஞ்ச் போட்டுவிட்டேன். நம்ம ஊர் செங்கல் சுவர். வெளி அளவு அறுபதுக்கு நாற்பது வந்தே ஆகவேண்டும். உள்ளே சுவர்கள் விழுங்கின இடத்தை எங்கேயாவது கழிக்கவேண்டும். எங்கே கழித்தேன்?

ஹாலில் கை வைக்கவில்லை. படுக்கையறையில் வைக்கவில்லை. காருடைய அறையில்கூட வைக்கவில்லை. மொத்தத்தையும் சமையலறையில் கழித்திருந்தேன். யாரும் சொல்லாமலே. இடம் போதாதபோது எங்கள் கை தானாகப் போகிற இடம் அதுதான். படியில் குறைத்த அதே கை.

சேகருக்குப் போன் போட்டேன். “பஸ்ஸுக்கு முன்னாடி தங்கச்சியக் கூட்டினு வா. தப்பு வூட்டு மேல இல்ல, எம்மேல.”

அவர்கள் வருவதற்குள் பழைய கோடுகளைத் துடைப்பத்தால் கலைத்து, முழு வீட்டையும் திரும்பப் போட்டேன். சமையலறை இரண்டடிக்கு மேல் அகலமாகியிருந்தது.

முத்துலட்சுமி இந்த முறை உள்ளே வரவில்லை. வெளியே நின்று கேட்டாள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. “அடுப்படில கை வெச்சது நான்தான் தங்கச்சி. அந்த வூட்ட கட்டினவன் இல்ல.”

“தெரியும் அண்ணாச்சி” என்றாள். “பதினேழாவது படியிலயே உங்க கை தெரிஞ்சுபோச்சு.” சிரிக்கத்தான் செய்தாள். பிறகு, “நாலு விரல் சொவருன்னா, நா காலண்டருக்கு ஆணி அடிச்சா பாப்பா ரூம்ல எட்டிப் பாக்குமா?” என்றாள்.

“சின்ன ஆணியா அடிக்கலாம்” என்றான் சேகர்.

“அடுப்படிய எங் கண்ணு முன்னால ஒருக்கா அளங்க.”

அளக்கத்தான் குனிந்தேன். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்: சொவரு இருந்தா கைய வச்சுப் பாப்பேன், கதவு இருந்தா தட்டிப் பாப்பேன் என்று.

மேல்பாக்கெட் தாள்

டேப் என் கையிலேயே இருந்தது. அளவு சரியாக வந்திருந்தது. அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவள் கேட்டது அளவு இல்லையே.

சேகர் கம்பெனிச் சட்டையின் மேல்பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான்.

“முத்து, உனக்கு ஒண்ணு காட்டாம வெச்சிருந்தேன். காட்டினா வேணாம்னுடுவியோன்னு.”

“என்னது?”

“எங்க கம்பெனில புது மெஷின் எறங்கினா, உடனே கையெழுத்து போட மாட்டோம். சுத்திச் சுத்தி வந்து, இன்னா இன்னா குறைன்னு மொதல்ல எழுதுவோம். அப்பறம்தான் ஏத்துக்குவோம். அந்த மாதிரி அவன அந்த வூட்டுக்குள்ள ஒரு நாள் பூரா சுத்தி எழுதச் சொன்னேன்.”

அவள் வாங்கவில்லை. “நீங்களே படிங்க.”

அவன் படித்தான். லைனில் ரிப்போர்ட் வாசிக்கிற குரல்தான். “ஒண்ணு. பின்னாடி தோட்டம் இல்ல, வெறும் மண்ணு. ரெண்டு. மரம் ஒண்ணுகூட இல்ல. மூணு. ரெண்டாவது ரூம் ஜன்னலத் தெறந்தா பக்கத்து வூட்டு வேலிதான் தெரியும். நாலு. சாயங்கால வெயிலு ஹாலுக்குள்ள நேரா அடிக்கும், துணி கட்டணும். அஞ்சு. பஸ்ஸுக்கு இருவது நிமிஷம் நடக்கணும். ஆறு...” இங்கே நிறுத்தினான். “ஆறாவது நான் சொல்லிப் பாக்க வெச்சது. ஊஞ்சல் இருக்கா பாருடான்னு சொன்னேன். இல்லயாம். ஊஞ்சல் இல்ல.”

முத்துலட்சுமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் சாலையில் கம்பெனி பஸ் ஒன்று போனது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“குடுங்க” என்று கையை நீட்டினாள்.

அவன் சுவருக்கு உள்ளிருந்து நீட்ட, அவள் வெளியே நின்று வாங்கினாள். வரி வரியாக, உதடு அசைய, தானே படித்தாள். கடைசி வரியில் நெற்றியைச் சுருக்கினாள்.

“பதினொண்ணாவதுல என்ன எழுதிருக்கு? எழுத்து வெளங்கல.”

“கிச்சன் ஜன்னல் கொக்கி லூசு.”

“அத நீங்க மாட்டிருவீங்கல்ல?”

“அஞ்சு நிமிஷ வேலை.”

தாளை மடித்தாள். அவனிடம் திருப்பிக் கொடுக்காமல், கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அப்புறம் திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். வண்டி அந்தப் பக்கம்தான் நின்றிருந்தது. சுவரை ஒட்டி, வெளிப்பக்கமாகவே நடந்தாள். ஒரு மூலை திரும்பினாள். காருடைய அறையைத் தாண்டினாள். வீட்டின் முன்பக்கத்துக்கு வந்து, சுண்ணாம்புக் கோட்டில் மூன்றரை அடிக்கு நான் விட்டிருந்த இடைவெளியின் எதிரே நின்றாள்.

இடது கால் செருப்பைக் கழற்றினாள். வலது கால் செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் பாதத்தால் ஒதுக்கி, கோட்டுக்கு வெளியே ஜோடியாக வைத்தாள். புடவையை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். ஹாலுக்கு வந்தாள். அங்கே ஷூவும் செருப்புமாக நின்றுகொண்டிருந்த எங்கள் இரண்டு பேர் பாதத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். தன் செருப்பு கிடந்த வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.